கூடாரத் தொழிலும் நற்செய்தியும்: இஸ்லாமிய மக்களிடையே உழைப்பின் வழி மறைப்பணி



2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், உரோமை புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக உயர்த்தினார். தமிழகத்தில் நாம் ஒரேயொரு பெயருக்காகக் காத்திருந்தோம். மறைசாட்சி தேவசகாயத்தின் பெயர் வாசிக்கப்பட்டபோது நமக்கு உண்டான ஆரவாரத்தில், பின்னால் வந்த பெயர்கள் பலருக்குக் காதில் விழாமலே போயிருக்கும். அவற்றுள் ஒன்று சார்லஸ் தெ ஃபூக்கோ. பிரான்சு நாட்டில் பிறந்து, சகாரா பாலைவனத்தில் இஸ்லாமிய மக்களிடையே வாழ்ந்து, 1916-இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்ட குரு அவர்.

இந்த இருவரையும் ஒரே நாளில் திருச்சபை நம் முன் நிறுத்தியதைப் பற்றி நான் பலமுறை சிந்தித்ததுண்டு. நம் தேவசகாயம் கிறிஸ்துவை முதலில் அறிந்தது ஆலயத்தில் அல்ல, பணியிடத்தில். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்மா மன்னரின் படைத்தளபதியாக உயர்ந்த, டச்சுப் படையைச் சேர்ந்த தெ லனாய்தான் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர். தெ லனாய் போதகர் அல்லர். அரண்மனைப் பணியில் உடன் இருந்த நண்பர். பயிரும் கால்நடையும் அழிந்து மனம் நொந்திருந்த நீலகண்டனுக்கு, வேலைக்கு நடுவே ஒரு நண்பர் சொன்ன ஆறுதல் அது. சார்லஸ் தெ ஃபூக்கோ சகாராவில் கனவு கண்டதும் இப்படிப்பட்ட நண்பர்களைத்தான்.

இஸ்லாமிய ஊர்களில் தொழில் கற்றுக் கொடுப்பது, சிறு வியாபாரம் தொடங்குகிறவருக்குத் துணை நிற்பது, வேலை தேடும் இளைஞனுக்கு வழிகாட்டுவது ஆகிய வழிகளில் கிறிஸ்தவர்கள் ஆற்றும் பணியைப் பற்றி இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. காலத்துக்கு ஏற்ற புதிய வழி என்று புகழ்வோர் ஒருபுறம், மதமாற்றத்தின் மேல் போர்த்திய போர்வை என்று சந்தேகிப்போர் மறுபுறம். இது புதிய வழி அன்று. சந்தேகத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. அதற்கு இடம் கொடுத்தவர்களும் உண்டு. எனவே இந்தப் பணி எங்கிருந்து வருகிறது, எப்படி நடக்கிறது, எங்கே கோணலாகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பவுலும் அக்கிலாவும்

திருத்தூதர் பணிகள் நூல் 18-ஆம் அதிகாரத்தில், பவுல் கொரிந்து நகருக்கு வருகிறார். அங்கே அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியரைச் சந்திக்கிறார். அவர்களுடைய தொழிலும் கூடாரம் செய்வது, இவருடைய தொழிலும் அதுவே. எனவே அவர்களோடு தங்கி வேலை செய்கிறார். நாம் இந்த வசனத்தை விரைவாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் பவுல் இதை வெட்கத்துடன் மறைக்கவில்லை. யாருக்கும் சுமையாய் இராதபடி இரவும் பகலும் உழைத்ததாகத் தெசலோனிக்கருக்குப் பெருமையோடு எழுதுகிறார். அவர் தைத்த கூடாரம் மழையில் ஒழுகியிருந்தால், அவருடைய போதனையை யார் நின்று கேட்டிருப்பார்கள்?

சார்லஸ் தெ ஃபூக்கோ 1912-ஆம் ஆண்டு பிரான்சிலுள்ள ஒரு பொதுநிலைத் தோழருக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தம்பதியரைத்தான் நினைவுகூர்கிறார். குருக்கள் நுழைய முடியாத இடங்களுக்கு அக்கிலாக்களும் பிரிஸ்கில்லாக்களும் வேண்டும், வணிகராகவும் விவசாயியாகவும் தொழிலாளியாகவும் மக்களோடு மக்களாக வாழ்கிறவர்கள் வேண்டும் என்பது அவருடைய கருத்து. இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் அழைத்தலைப் பற்றிப் பேசுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன், பாலைவனத்தின் நடுவிலிருந்து ஒரு குரு இதை எழுதியிருக்கிறார்.

ஆட்டுப் பால்

ஃபூக்கோ இளமையில் படைவீரர். பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்து, நம்பிக்கையை இழந்தவர். 1883-84-இல் மாறுவேடத்தில் மொராக்கோ நாட்டை ஆராயச் சென்றபோது, இஸ்லாமியர் கடவுளின் முன் பணிந்து தொழுவதைக் கண்டு உள்ளம் அசைந்தார். 1886-இல் மனம் திரும்பினார். 1901-இல் குருவாகி, அல்ஜீரியாவின் பெனி அப்பெஸ் என்ற பாலைவன ஊரிலும், 1905 முதல் இன்னும் தெற்கே தமன்ராசெத்திலும் துவாரெக் மக்களிடையே வாழ்ந்தார். அவர் போனபோது தமன்ராசெத் சில குடிசைகள் மட்டுமே இருந்த சிற்றூர்.

அவர் அங்கே செய்தவை மிக எளிமையானவை. ஊசி, மருந்து, விதை ஆகியவற்றைப் பகிர்ந்து கொடுத்தார். பின்னல் வேலையைத் துவாரெக் மக்களிடையே பரப்ப முயன்றார். மணிக்கணக்காக உட்கார்ந்து அவர்களுடைய மொழியைக் கற்று அகராதி தொகுத்தார், அவர்களின் கவிதைகளைச் சேகரித்தார். 1913-இல் ஒரு துவாரெக் இளைஞரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்று தம் உறவினர் வீடுகளில் விருந்தினராகத் தங்க வைத்தார்.

பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தும் துவாரெக் மக்களில் ஒருவர்கூடத் திருமுழுக்குப் பெறவில்லை. எண்ணிக்கையைக் கொண்டு மறைப்பணியை அளப்பவர்களுக்கு இது முழுத் தோல்வி. ஆனால் 1908 சனவரியில் நடந்ததைப் பாருங்கள். கடும் வறட்சி. தம் உணவைப் பசித்த பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்ட குரு, நோயுற்று எழ முடியாமல் கிடந்தார். ஊரார் அந்தப் பஞ்சத்திலும் சுற்றுவட்டாரத்தில் பால் கறந்த வெள்ளாடுகளையெல்லாம் தேடி, கிடைத்த பாலைக் கொண்டுவந்து புகட்டி அவரைப் பிழைக்க வைத்தார்கள். கொடுக்க வந்தவர் வாங்கிக்கொண்டவரானார். அந்த நாளுக்குப் பிறகுதான் அவர்களுடைய உண்மையான நட்பு தொடங்கியது என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தோர் பலர் கருதுகின்றனர். எனக்கும் அப்படியே தோன்றுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃபூக்கோ பிரஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் நிழலிலேயே அங்கே வாழ்ந்தார். இராணுவ அதிகாரிகள் அவருடைய நண்பர்கள். அவருடைய கடைசி வீட்டைக் கோட்டை போலக் கட்டி, உள்ளே துப்பாக்கிகளும் வைத்திருந்தார். இன்று அல்ஜீரிய மக்கள் அவரை நினைக்கும்போது இதையும் சேர்த்தே நினைக்கிறார்கள். புனிதர் என்பதற்காக நாம் அதை மூடி வைக்கத் தேவையில்லை.

நிலம் கொடுத்து உருவாக்கிய ஊர்

ஃபூக்கோவுக்கு முன்னரே இதே அல்ஜீரியாவில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1867-இல் அல்ஜியர்ஸ் நகரின் பேராயராக வந்தவர் லாவிஜெரி. பின்னாளில் கர்தினால் ஆனவர். அவர் வந்த வேளையில் பஞ்சமும் காலராவும் நாட்டைச் சூறையாடின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனாதைப் பிள்ளைகளை அவர் சேர்த்துக் காப்பாற்றினார். 1868-இல் வெள்ளை அங்கிக் குருக்கள் சபையையும், அடுத்த ஆண்டில் அருட்சகோதரிகள் சபையையும் தொடங்கினார்.

காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் வளர்ந்தபோது, அவர்களில் கிறிஸ்தவரானோரை ஒருவருக்கொருவர் மணமுடித்து, வீடும் நிலமும் உழவு மாடும் கொடுத்து, ஷெலிஃப் பள்ளத்தாக்கில் தனி ஊர்களாகக் குடியமர்த்தினார். நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆனால் அந்த ஊர்கள் தழைக்கவில்லை. அக்கம்பக்கத்து இஸ்லாமியர் அவர்களைத் தம்மவராக ஏற்கவில்லை. பிரஞ்சுக் குடியேறிகளும் ஏற்கவில்லை. காலப்போக்கில் பலர் வேறிடங்களுக்குப் போய்விட்டனர். சோறும் நிலமும் திருமுழுக்கோடு சேர்ந்து வரும்போது, அதைப் பெறுகிறவன் தன் சொந்த மக்களிடமிருந்து அறுந்து போகிறான் என்பதை அந்த ஊர்களின் வரலாறு காட்டுகிறது.

லாவிஜெரி இதைக் கண்டு பாடம் கற்றவர் என்பது அவருடைய பெருமை. கபிலியா மலைப்பகுதிக்குத் தம் குருக்களை அனுப்பியபோது அவர் விதித்த ஒழுங்கு வேறாக இருந்தது. மக்களின் மொழியைப் பேசுங்கள், அவர்கள் உண்பதை உண்ணுங்கள், அவர்கள் உடுத்துவதை உடுத்துங்கள். நோயுற்றோரைக் கவனியுங்கள், பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். மதத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். திருமுழுக்குக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

அருட்சகோதரிகள் திறந்த நெசவு, பூத்தையல் கூடங்கள் அந்த ஒழுங்கின் கீழ் வளர்ந்தவை. கபிலியாவிலும் பாலைவனத்து ஊர்களிலும் சிறுமியரும் பெண்களும் அங்கே கம்பளம் நெய்யவும் துணியில் பூவேலை செய்யவும் கற்றுக்கொண்டனர். வெளி ஆண்கள் எட்டிப்பார்க்க முடியாத முற்றங்களில் பெண்ணுக்குப் பெண் கற்றுக்கொடுத்த தொழில் அது. பெண் கையில் சொந்தமாக நாலு காசு இருந்தால் வீட்டில் அவள் சொல்லுக்கு என்ன மதிப்பு வரும் என்பதை நம் மகளிர் குழுக்களில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1976-இல் அல்ஜீரிய அரசு தனியார் கல்வி நிறுவனங்கள் அனைத்தையும் தன்வசமாக்கியது. திருச்சபையின் பள்ளிகளும் அதில் போயின. பெரிய இழப்பு என்று பலர் கலங்கினர். ஆயினும் குருக்களிலும் துறவியரிலும் பலர் நாட்டை விட்டுப் போகவில்லை. நேற்று வரை தாங்கள் நிர்வாகிகளாக இருந்த நாட்டில், அரசு மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர்களாக, இஸ்லாமிய மேலதிகாரியின் கீழ்ப் பணி தொடர்ந்தார்கள். அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் இப்படித்தான் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

திபிரின் தோட்டம்

அல்ஜியர்சுக்குத் தெற்கே, மெதேயா நகருக்கு அருகில் மலையில் இருப்பது திபிரின். 1938-இல் டிராப்பிஸ்ட் துறவிகள் அங்கே அட்லஸ் அன்னை மடத்தைத் தொடங்கினர். அங்குள்ள துறவிகள் எழுவர் 1996 மார்ச் 26-27 இரவில் கடத்தப்பட்டுக் கொலையுண்டதையும், 2018 டிசம்பர் 8-இல் ஒரான் நகரில் வேறு பன்னிருவருடன் அருளாளர்களாக உயர்த்தப்பட்டதையும் நீங்கள் வாசித்திருப்பீர்கள். அவர்களின் இறப்பைப் பற்றி நிறையச் சொல்லியாயிற்று. அவர்கள் எப்படித் தோட்டம் போட்டார்கள் என்பதைத்தான் நான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முற்காலத்தில் மடத்துக்குப் பரந்த நிலமும் கூலியாட்களும் இருந்தனர். அல்ஜீரியா 1962-இல் விடுதலை பெற்ற பின் நிலத்தின் பெரும்பகுதியைத் துறவிகள் விட்டுக்கொடுத்து, ஏறக்குறைய 12 எக்டேரை மட்டும் வைத்துக்கொண்டனர். பின்னாளில் கூலிமுறையையும் மாற்றினர். அருகிலிருந்த குடும்பத் தலைவர்கள் சிலரைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டார்கள். நிலமும் நீரும் மடத்துடையது. உழைப்பில் இரு தரப்புக்கும் கை உண்டு. விளைந்ததில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. தோட்டப் பொறுப்பில் இருந்தவர் அருளாளர் கிறிஸ்டோஃப் லெபிரட்டோன். முதலாளி நல்லவராக இருந்தாலும் கூலியாள் கூலியாள்தான். பங்காளியோ இந்த ஆண்டு தக்காளி போடலாமா, மிளகாய் போடலாமா என்று மறுத்துப் பேசும் உரிமை உள்ளவன். நம் ஊர் வாரச் சாகுபடியை அறிந்தவர்கள் இதில் உள்ள வேறுபாட்டைச் சட்டென உணர்வார்கள். வாரம் பிடுங்கும் முறையாகவும் இருக்கலாம், பகிரும் முறையாகவும் இருக்கலாம்; கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

மடத்தின் மருந்தகத்தில் முதியவரான மருத்துவர் சகோதரர் லூக் நாள்தோறும் நோயாளிகளைப் பார்த்தார். ஊருக்குப் பள்ளிவாசல் கட்டி முடியாதிருந்த காலத்தில், தொழுகைக்காக மடத்தின் ஒரு கட்டடத்தைத் துறவிகள் கொடுத்தனர். மடத்தின் தலைவர் கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே தம் இஸ்லாமிய நண்பர் ஒருவருடன் நடத்திவந்த ஆன்மீக உரையாடலை ‘கிணறு தோண்டுவது’ என்றே இருவரும் குறிப்பிடுவார்களாம். ஒருநாள் துறவி விளையாட்டாக, அடியில் கிடைக்கப்போவது கிறிஸ்தவத் தண்ணீரா இஸ்லாமியத் தண்ணீரா என்று கேட்க, இத்தனை நாள் சேர்ந்து நடந்தும் இப்படிக் கேட்கிறீர்களே, அங்கே இருப்பது கடவுளின் தண்ணீர் அல்லவா என்று நண்பர் வருந்தினாராம்.

1993 டிசம்பரில் ஆபத்து நெருங்கியது. மடத்துக்குச் சற்றுத் தொலைவில் வேலை செய்துகொண்டிருந்த குரோவாசியத் தொழிலாளர் பன்னிருவர் கழுத்தறுக்கப்பட்டனர். கிறிஸ்து பிறப்பு இரவில் ஆயுதம் தாங்கியவர்கள் மடத்துக்கே வந்தனர். போவதா இருப்பதா என்று துறவிகள் தவித்தபோது, தாங்கள் கிளையில் அமர்ந்த பறவைகள் போன்றவர்கள் என்று ஒருவர் சொல்ல, ஊரார் மறுத்தார்களாம்: நாங்கள்தான் பறவைகள், நீங்கள் கிளை, கிளை போய்விட்டால் நாங்கள் எங்கே அமர்வது? துறவிகள் தங்கினார்கள். மருந்தகமும் தோட்டமும் அந்த ஊருக்கு வெறும் பிழைப்பு வழிகள் மட்டுமே என்றால் அந்தச் சொல் பிறந்திருக்காது.

வட்டி என்னும் சிக்கல்

இனி இந்தப் பணியின் நடைமுறையைப் பார்ப்போம். ஏழை ஒருவர் கடை வைக்க வேண்டும் என்றால் முதல் தேவை முதலீடு. உலகெங்கும் சிறுகடன் திட்டங்கள் வட்டியின் மேல் நடக்கின்றன. திருக்குர்ஆனோ வட்டியைத் தடை செய்கிறது. கடன் கொடுக்க வந்த கிறிஸ்தவ அமைப்பு இதை ஒரு தடங்கலாக எண்ணினால், அதன் பணி அங்கேயே நின்றுவிடும். இறைப்பற்றுள்ள ஒருவரை அவருடைய மனச்சான்றுக்கு எதிராகக் கையெழுத்திடச் செய்வதாக முடியும்.

இஸ்லாமிய மரபிலேயே இதற்கு வழிகள் உண்டு. ஒன்று, ‘அழகிய கடன்’: வட்டி இல்லாமல் கொடுத்து, கொடுத்த அளவே திரும்பப் பெறுவது. நம் தமிழக ஜமாஅத்துகளில் உள்ள பைத்துல்மால் நிதிகள் இதைச் செய்வதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். மற்றொன்று, கூட்டு: ஒருவர் பணம் போடுகிறார், மற்றவர் உழைப்பைப் போடுகிறார்; இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்கிறார்கள்; நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். பணம் கொடுத்தவர் மட்டும் எப்போதும் பத்திரமாக இருப்பதில்லை. தொழில் நடத்துகிறவர் கடையைக் கவனிக்கிறாரா, சரக்கு தேங்குகிறதா என்று பார்க்க வேண்டிய அக்கறை அவருக்கும் வந்துவிடுகிறது. வழிகாட்டுதல் தானாக உள்ளே நுழைகிறது.

இதை அந்நியமாகக் கருத நமக்கு உரிமை இல்லை. ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்பது விடுதலைப் பயணம் 22-ஆம் அதிகாரத்தின் கட்டளை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கந்துவட்டிக் கொடுமையிலிருந்து ஏழைகளை மீட்க அடகு நிதிகளைத் தொடங்கியவர்கள் பிரான்சிஸ்கன் துறவிகள். 1745-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் வட்டியைக் கண்டித்து ஒரு சுற்றுமடலே எழுதினார். (வடக்கன்குளத்தில் நம் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றதும் அதே 1745-இல்தான்.) நாம் மறந்துபோன நம் சொந்தப் பாடத்தை, இஸ்லாமிய அண்டை வீட்டாரிடம் நினைவுபடுத்திக்கொள்கிறோம் என்று சொல்லலாம்.

முதலீட்டுக்கு அடுத்து, கூட இருத்தல். சான்றிதழ் கையில் வந்த அன்றே வாழ்க்கை மாறிவிடுவதில்லை. தையல் கற்ற பெண்ணுக்கு முதல் வாடிக்கையாளர் சொந்தக்காரர்; அவர் பணம் கொடுக்க மாட்டார். கடை வைத்த இளைஞன் வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒரே பையில் போடுவான். மூன்று நான்கு மாதங்களில் கையிருப்பு கரையும். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதப் பழக்குகிறவரே உண்மையான வழிகாட்டி. ரமலான் மாதத்தின் கடைசி வாரங்களில் தையல்காரருக்கு மூச்சு விட நேரம் இருக்காது, பகல் உணவுக் கடைக்கோ வியாபாரமே இருக்காது. வெள்ளிக்கிழமை நண்பகலில் பட்டறை அடைபடும். இதையெல்லாம் அறியாதவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் அங்கே தொழில் ஆலோசனை சொல்லத் தகுதியற்றவர்.

வங்கதேசத்தின் உறியும் பம்பும்

இந்தப் பணி பெரிய அளவில் நடப்பதைக் காண வங்கதேசத்துக்குப் போக வேண்டும். அங்கே மக்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்லாமியர். கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1970 நவம்பரில் பெரும்புயல், 1971-இல் விடுதலைப் போர். இடிபாடுகளுக்கு நடுவே கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கிய நிவாரண அமைப்பு, பின்னர் காரித்தாஸ் வங்கதேசம் என்று பெயர் பெற்றது. நிவாரணப் பொருளை எத்தனை நாள் கொடுப்பது என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. 1973-இல் இரண்டு நிறுவனங்கள் பிறந்தன.

ஒன்று சணல் கைவினை நிறுவனம். போரில் கணவரையும் வீட்டையும் இழந்த கிராமத்துப் பெண்களுக்கு என்ன தொழில் தெரியும் என்று தேடியபோது, எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அகப்பட்டது: சணல் கயிற்றில் உறி பின்னுவது. பானை தொங்கவிடும் அந்த எளிய உறியே வெளிநாட்டு வீடுகளில் பூந்தொட்டி தாங்கும் அழகுப் பொருளாக ஏற்றுமதியானது. அந்தப் பெண்களுக்கு யாரும் புதிதாக ஒன்றும் கற்பிக்கவில்லை. அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த திறமைக்குச் சந்தையைக் காட்டினார்கள். எனக்கு இந்தப் பணியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மற்றொன்று டாக்காவில் மிர்ப்பூரில் உள்ள விவசாயக் கருவிப் பட்டறையும் பயிற்சிப் பள்ளியும். இளைஞர்கள் கடைசல், வெல்டிங், மோட்டார் வேலை கற்றார்கள். கற்றுக்கொண்டே விற்பனைக்குரிய பொருள்களையும் செய்தார்கள். துடுப்புப் போடுவதுபோல் உட்கார்ந்தபடி இழுத்துத் தண்ணீர் இறைக்கும் மலிவான கைப்பம்பு அங்கே செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. டீசலுக்குக் காசில்லாத சிறு விவசாயிக்கு அது பயன்பட்டது. பின்னர் காரித்தாஸ் நடமாடும் தொழிற்பள்ளிகளையும் நடத்தியது. ஒரு கிராமத்தில் கருவிகளோடு வந்து சில மாதங்கள் பயிற்சி கொடுத்துவிட்டு, அடுத்த கிராமத்துக்குப் பெயர்ந்துபோகும் பள்ளிகள் அவை. பட்டணம் போய்ப் படிக்க வழியில்லாத பிள்ளைகளிடம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், பள்ளியே நடந்து போனது.

எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாவில் 1896 முதல் சலேசிய சபையினர் இதே தொழிற்கல்விப் பணியை ஆற்றிவருகின்றனர். அதை விரித்தால் தனிக் கட்டுரையாகும்.

போர்வையா, உடையா?

இப்போது அந்தச் சந்தேகத்துக்கு வருவோம். மறைப்பணியாளர் என்று சொன்னால் விசா கிடைக்காத நாடுகளில், பெயருக்கு ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, வணிகர் என்ற பெயரில் நுழைந்து, வணிகமே செய்யாமல் மதப் பிரசாரம் மட்டும் செய்யும் குழுக்கள் இருந்ததுண்டு. ‘வணிகமே மறைப்பணி’ என்ற இயக்கத்தைப் பிற சபையினர் 2004-இல் தாய்லாந்தின் பட்டாயாவில் கூடி விரிவாக ஆராய்ந்தபோது, விசாவுக்காக மட்டும் நடத்தப்படும் போலி நிறுவனங்களை அவர்களே மறுத்து எழுதினார்கள். வெளியார் குறைகூறும் முன் அவர்களே சொன்னது பாராட்டுக்குரியது.

போலிக் கடை அம்பலமாகும்போது நடத்தியவர் விமானம் ஏறிவிடுவார். அங்கே வேலை பார்த்த உள்ளூர் இளைஞன் விசாரணைக்குப் போவான். அந்த ஊரில் முப்பது ஆண்டுகளாக நேர்மையாகச் செவிலியர் பணி செய்துவரும் அருட்சகோதரியையும் அன்றுமுதல் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். அல்ஜீரியாவில் 2006 பிப்ரவரியில் பிறந்த சட்டம், இஸ்லாமியர் ஒருவரைத் தூண்டியோ கட்டாயப்படுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்ற முயல்வோருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. அச்சட்டம் மதச் சுதந்திரத்தை நெருக்குகிறது என்பதே என் கருத்து. ஆனால் ஆசைகாட்டி மதம் மாற்றலாகாது என்பதை நம் திருச்சபை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தன் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டது. 1965-இல் வெளிவந்த, திருச்சபையின் நற்செய்திப் பணி பற்றிய சங்க ஏட்டின் 13-ஆம் எண், கட்டாயத்தையும் தந்திரமான கவர்ச்சியையும் கண்டிப்பாகத் தடை செய்கிறது. திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2005-இல் எழுதிய ‘கடவுள் அன்பாய் இருக்கிறார்’ என்ற திருமடலும், அன்புப்பணி வேறொன்றை அடைவதற்கான கருவி ஆகாது என்று கூறுகிறது.

அப்படியானால் வாய் திறக்கவே கூடாதா? அதுவும் இல்லை. திருத்தந்தை 6-ஆம் பவுல் 1975-இல், சொல்லற்ற சாட்சியமே முதற்படி என்றும், ஆனால் சாட்சியத்தின் பொருளைச் சொல்லால் விளக்க வேண்டிய வேளையும் வரும் என்றும் எழுதினார். புனித பேதுருவின் முதல் மடலும் கேட்பவருக்குப் பணிவோடு விடை அளிக்க ஆயத்தமாய் இருங்கள் என்கிறது. கேட்கிறவர் முதலில் கேட்க வேண்டும். அவர் கேட்காமலே போனாலும் தையல் வகுப்பு அதே அக்கறையோடு நடக்க வேண்டும். மாணவர் இஸ்லாமியராகவே வாழ்ந்து இஸ்லாமியராகவே இறப்பார் என்று முன்கூட்டியே தெரிந்தாலும் இந்தப் பட்டறையை நான் திறப்பேனா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடியாதவர் அந்தப் பட்டறையைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் பங்கு மக்கள் இதை வேறு பக்கத்திலிருந்து அறிவார்கள். அங்கே தொழில் கற்றுக்கொடுத்தவர், முதல் வேலையை வாங்கித் தந்தவர், சம்பளம் கொடுப்பவர் பெரும்பாலும் இஸ்லாமியர். கடன் கழிந்ததும் வீடு எழும்பியதும் அந்தச் சம்பளத்தில்தான். 2019 பிப்ரவரி 5-இல் அபுதாபி விளையாட்டரங்கில் திருத்தந்தை பிரான்சிஸ் நிறைவேற்றிய திருப்பலிக்கு வந்த பெருந்திரளில் இப்படிப்பட்ட தொழிலாளிகள் நிறைந்திருந்தார்கள். தம் முதலாளி தம்மை மதம் மாற்றுவதற்காகத்தான் வேலை கொடுத்தார் என்று தெரிந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

நேர்மையாகப் பணி செய்தாலும் கதவு திறந்தே இருக்கும் என்ற உறுதி கிடையாது. அல்ஜீரியா விடுதலை பெற்ற காலம் முதல் அங்கே ஏழைகளுக்குத் தொண்டாற்றிய காரித்தாஸ் அமைப்பு, அரசின் உத்தரவுப்படி 2022 அக்டோபர் 1 முதல் முழுமையாக மூடப்பட்டது. ஃபூக்கோ புனிதரான அதே ஆண்டில், அவர் வாழ்ந்த நாட்டில் இது நிகழ்ந்தது. அதன் உதவியைப் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்லாமியர். திருச்சபைத் தலைவர்கள் ஆரவாரமாக எதிர்ப்புக் காட்டவில்லை. இதுவரை துணைநின்ற அனைவருக்கும் நன்றி கூறி, அன்புப்பணி வேறு வடிவில் தொடரும் என்று அறிவித்தார்கள்.

திபிரினில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். துறவிகள் கொலையுண்ட பின் மடம் ஆளின்றிக் கிடந்தது. 2001-இல் பிரான்சு நாட்டு மறைப்பணிக் குரு ஜான்-மரி லஸோஸ், அடிப்படையில் வேளாண்மை படித்தவர், அந்தத் தோட்டத்தை ஏற்றுக்கொண்டார். அல்ஜியர்சிலிருந்து காவல்துறை வாகனம் முன்னும் பின்னும் வர, வாரத்தில் சில நாள்கள் மலையேறி வந்து, ஊரைச் சேர்ந்த இஸ்லாமியத் தொழிலாளர் இருவரோடு மரங்களைக் கவாத்து செய்தார், காய்கறி பயிரிட்டார், பழங்களைப் பாகு காய்ச்சிப் புட்டியில் அடைத்து விற்றார். பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. 2016-இல் ‘புதிய வழி’ என்ற பொருள்படும் ஷெமென் நஃப் குழுவினர் வந்து மடத்தில் குடியேறினர். எழுவரின் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அல்ஜீரிய இஸ்லாமியர். திரும்பிப் போகும்போது அந்தத் தோட்டத்துப் பழப்பாகை வாங்கிச் செல்கிறவர்களும் அவர்களில் உண்டு.